சுண்டிப் பார்த்த கட்டை

வெள்ளைச்சாமியின் கடையில் பாத்திரத்தைச் சுண்டிப் பார்க்காமல் யாரும் வாங்கிக்கொண்டு போனதில்லை. வந்தவர்கள் மறந்தாலும் அவர் விடமாட்டார். குடத்தை வாய்விளிம்பில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, நடுவிரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, ஓசை அடங்கும்வரை காத்திருப்பார். நல்ல பித்தளையாக இருந்தால் ஓசை கடை முழுக்கச் சுற்றிவிட்டு வரும். மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், "டொக்" என்று விழுந்த இடத்திலேயே செத்துப்போகும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் கடை போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஓட்டை என்று சொல்லிக்கொண்டு ஒருத்தர்கூட அவர் கடைப் படியேறி வந்ததில்லை. அந்தச் சொல்லே அங்கே ஆகாது.

அந்தக் காது அவருடைய மகள் இசக்கியம்மாளுக்கும் வந்திருந்தது. சின்ன வயசில் கண்ணைக் கட்டிவிட்டுத் தட்டினாலும் எது அண்டா, எது தவலை என்று சொல்லிவிடுவாள். கல்லூரியில் சங்கீத வகுப்பில் சேர்ந்தபோது மற்றப் பெண்கள் வீணைக்கும் பிடிலுக்கும் போக, இவள் ஜலதரங்கத்தை எடுத்துக்கொண்டாள். பீங்கான் கிண்ணங்களை அப்பாவே தேடி அலைந்து வாங்கி வந்தார். பீங்கான் கடைக்காரன் கையெடுத்துக் கும்பிடும்வரை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தாராம்.

ஜலதரங்கத்தில் இசக்கிக்கு ஒரே ஒரு குறை. கீழே போக முடியாது. இருப்பதில் பெரிய கிண்ணத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாலும் ஓசை ஓரளவுக்குத்தான் இறங்கும். அதற்குக் கீழே தொண்டை கம்மின மாதிரி ஆகிவிடும். ராகம் கீழே இறங்கும் இடமெல்லாம் அவள் ஒரு படி மேலே ஏறித் திரும்பி வருவாள். கேட்பவர்களுக்கு அது தெரியாது. வாசிக்கிறவளுக்கு ஒவ்வொரு தடவையும் தெரியும்.

சுதந்திரம் வந்த வருஷம், அகதிகள் நிதிக்காக அடையாற்றில் ஒரு பங்களாத் தோட்டத்தில் கச்சேரி வைத்தார்கள். கல்லூரிப் பெண்கள் வாசித்து முடித்தபின் வெள்ளைக்கார கிளப் ஒன்றின் பாண்டு வாசித்தது. அதில் ஒருவன் கட்டில் நீளத்துக்கு ஒரு வாத்தியத்தின் பின்னால் நின்றிருந்தான். மரக்கட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு குழாய். நூல் சுற்றிய குச்சிகளால் அவன் இடதுகைக் கோடிக்குப் போய் மெல்லத் தட்டினான்.

ஓசை காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வந்தது. இசக்கி கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"என்னடி, மாரைப் பிடிச்சுக்கறே? வலிக்கிறதா?" என்றாள் பக்கத்தில் இருந்த கோமளம். மயிலாப்பூர்ப் பெண், பிடில் வாசிப்பவள்.

"இல்ல. அதுக்குப் பேரு என்ன?"

கோமளம் எழுந்து போய்க் கேட்டு வந்தாள். அவளுக்கு யாரிடமும் எதையும் கேட்க வரும். "மரிம்பாவாம். பேரே சாப்பிடற சாமான் மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து ஜலதரங்கத்துக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் இசக்கிக்குப் பெரிய கிண்ணத்துக்கு இடப்பக்கம் வெறும் தரை கண்ணில் படும். இன்னும் ஏழெட்டுக் கிண்ணம் அங்கே இருக்க வேண்டும் போலத் தோன்றும்.

அது அப்பா காதுக்குப் போய்ச் சேர மூன்று மாதம் ஆயிற்று. பொங்கலுக்கு என்ன வளையல் வேண்டும் என்று அவர் கேட்டபோது, வளையல் வேண்டாம் என்றுமட்டும் சொன்னாள். மற்றதை அம்மா மெதுவாகக் கேட்டுச் சொன்னாள். வெள்ளைச்சாமி சிரித்தார். "அவ்வளவுதானா? நான் என்னமோ காலேசுல எவனையோ பாத்துட்டாளோன்னுல்லா பயந்தேன்."

வெள்ளைக்காரர்கள் வீட்டைக் காலி செய்து கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அவர்களுடைய கட்டில், பீரோ, பியானோ எல்லாம் மவுண்ட் ரோடு ஏலக்கடைகளில் வந்து குவிந்தன. ஞாயிற்றுக்கிழமை ஏலம். அதற்கு முந்தின நாள் யார் வேண்டுமானாலும் போய்ச் சாமானைத் தொட்டுப் பார்க்கலாம். அடையாற்றுக் கிளப்பின் சாமான்கள் வந்திருப்பதாகக் கோமளம்தான் செய்தி கொண்டுவந்தாள். சனிக்கிழமை காலை அப்பாவும் மகளும் பஸ் ஏறிப் போனார்கள்.

அங்கே சாமான் காட்டுகிறவர் வலியுல்லா என்பவர். தோளில் ஒரு துண்டு. எதைத் தொட்டாலும் முதலில் அதால் ஒரு தட்டு.

"வாத்தியமா? ரெண்டு கீது மொதலாளி. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. வாங்க."

சின்னது சைலபோன், அதுவும் மரக்கட்டை அடுக்கினதுதான். மேஜைமேல் பளபளவென்று மெருகேறி நின்றிருந்தது. வலியுல்லா குச்சியால் ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணாடி வளையல் அடுக்கு சரிந்த மாதிரி ஓசை தெறித்தது.

பெரியது மூலையில் கிடந்தது. சட்டம் தனி, குழாய்கள் தனி. கோத்திருந்த கயிறு இற்றுப்போய், கட்டைகள் ஒரு மரப்பெட்டியில் விறகு மாதிரி அடுக்கியிருந்தன. ஆனாலும் இசக்கிக்கு அடையாளம் தெரிந்தது. சட்டத்தின் ஓரத்தில் அதே பித்தளைப் பூ. அன்றைக்கு மாலை வெயில் அதன்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

"ஐயா, இதுதான்" என்றாள். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வெள்ளைச்சாமி ஒரு கட்டையைத் திருப்பிப் பார்த்தார். "என்ன பாய், அடிப்பக்கம் இப்படித் தேஞ்சு குழிஞ்சு கெடக்கு? இது மரமா, வெறகா?"

"இன்னா மொதலாளி இப்டிச் சொல்லிட்டீங்க! தொரைங்க ஆடுன ஆட்டம் பூரா இந்தக் கட்டைலதான் கீது."

"ஆடுன ஆட்டத்துலதான் செத்துப்போச்சு போல." அவர் கட்டையை மகளிடம் நீட்டினார். "ஏட்டி, நீயே சுண்டிப் பாரு. ஒன் காதுக்குத்தானே வாங்குதோம்."

இசக்கி வாங்கிக்கொண்டாள். ஒன்றரை அடி நீளம், நாலு விரல் அகலம், எதிர்பார்த்ததைவிடக் கனம். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகின முறைப்படி, மேல் நுனியில் இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டாள். நடுவிரல் முட்டியால் தட்டினாள்.

டொக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் தட்டினாள். டொக். பெட்டியிலிருந்து வேறொன்று எடுத்தாள். அதுவும் அப்படியே. நாலு, ஐந்து, பத்து. ஒன்றுகூடப் பாடவில்லை. கிளப்பு வராந்தாவில் மழைச்சாரலில் கிடந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்த ஓசை இந்தப் பெட்டிக்குள் செத்துக் கிடந்தது. அப்பா சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள். சொன்னது அவளுடைய காதே.

"வேண்டாம் ஐயா" என்றாள். "சின்னதே போதும்."

மறுநாள் ஏலத்தில் சைலபோனை எடுத்தார்கள். கைவண்டியில் ஏற்றும்போது அது ஒரு பக்கம் ஆடியது. வலியுல்லா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மரப்பெட்டியிலிருந்து ஒரு கட்டையை உருவி அடியில் முட்டுக் கொடுத்தார். கட்டை வண்டியோடு தியாகராய நகருக்கு வந்து சேர்ந்தது. அதை யாரும் கேட்கவில்லை. இவர்களுக்கும் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. செத்த கட்டைதானே.

சைலபோன் நல்ல வாத்தியம்தான். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. விடிந்தால் வாசித்தாள், சாயங்காலம் வாசித்தாள், விரலும் பழகியது. ஆனால் அது ஜலதரங்கத்தைவிட மேலே மேலே ஓடுகிற வாத்தியம். இசக்கி இடதுகைக் கோடிவரை வந்து நின்றுவிடுவாள். அதற்கு அப்பால் மேஜைதான்.

"எவ்வளவு நல்லா இருக்கு, இன்னும் ஏண்டி மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருக்கே?" என்று கோமளம் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் இசக்கி.

அந்தக் கட்டைக்கு வெள்ளைச்சாமி ஒரு வேலை கண்டுபிடித்தார். அதில் இரண்டு முனையிலிருந்தும் சற்று உள்ளே தள்ளி ஏற்கெனவே துளை இருந்தது வசதியாகப் போயிற்று. துளைகளில் சணல் கயிறு கோத்துக் கடையில் உத்தரத்திலிருந்து கட்டித் தொங்கவிட்டார். கீழ்ப்பக்கம் சின்னச் சின்ன ஆணி அடித்துக் கரண்டிகளை மாட்டினார். ஆணி அடிக்கும்போது உள்ளே யாரோ முனகின மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார். அப்போது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம். அப்பா சாப்பிடப் போயிருந்தார். இசக்கி கடையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் ஒரு சத்திரத்துக்காரர் கரண்டி முழுவதையும் வாங்கிப் போயிருந்ததால் கட்டை வெறுமனே தொங்கியது. அவள் ஒரு பெரிய இட்லிக் கரண்டியை மாட்டப் போனாள். கை தவறிக் கரண்டியின் காம்பு கட்டையின் நடுவில் இடித்தது.

கடைக்குள் அடையாறு வந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதே ஓசை. நெஞ்சில் வந்து இறங்கியது. இறங்கினதோடு நிற்கவில்லை. மூன்றாம் தட்டில் வரிசையாக இருந்த குடங்களில் ஒன்று, வாயைத் திறந்துகொண்டு, கூடவே முனகியது. கட்டை அடங்கினபிறகும் அந்தக் குடம் ஒரு கணம் தனியாக முனகிவிட்டு ஓய்ந்தது. மந்தர ஸ்தாயிப் பஞ்சமம். எந்தக் கிண்ணத்திலும் அவள் தொட முடியாத சுரம்.

கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு கயிற்றை அவிழ்த்துக் கட்டையை இறக்கினாள். நுனியில் பிடித்துத் தட்டினாள். டொக். நடுவில் பிடித்தாள். அதுவும் டொக். துளை இருந்த இடத்தில் இரண்டு விரலால் பிடித்துத் தட்டினாள். பாடியது. அரை அங்குலம் தள்ளிப் பிடித்தாள், கம்மியது. துளைக்கே திரும்பினாள், மறுபடி பாடியது. கட்டை முழுக்கத் துடிக்கிறபோது துடிக்காமல் இருக்கிற இடம் துளை இருக்கிற இடம்தான். மற்ற எங்கே பிடித்தாலும் பிடிக்கிற கை அதன் வாயைப் பொத்திவிடும். குடத்தை எங்கே பிடிப்பது என்று தெரிந்தவள், கட்டையையும் குடம் மாதிரியே பிடித்திருந்தாள்.

பத்துக் கட்டை. பத்தின் வாயையும் அவளே பொத்தினாள்.

மறுநாள் கல்லூரி விட்டதும் ஏலக்கடைக்கு ஓடினாள். வலியுல்லா துண்டால் ஒரு கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அதுவா? அது போயி மாசக்கணக்குல ஆவுதேம்மா. கோடம்பாக்கத்துல புதுசா வந்துகீது பாரு சினிமா ஸ்டூடியோ, அவங்க எட்த்தாங்க. நூர் முஹம்மதுன்னு ஒரு பாயி வந்து பொறுக்கி எட்த்துக்கினு போனாரு. அப்பாலிக்கா ஒரு கட்ட கொறயுதுன்னு அவங்க மொதலாளி வந்து ஒரே சத்தம்." சட்டென்று அவர் கை நின்றது. இசக்கியை உற்றுப் பார்த்தார். "இன்னாம்மா, அது உங்காண்டயா கீது?"

இசக்கி மளமளவென்று படியிறங்கிவிட்டாள்.

இரண்டு நாள் அந்தக் கட்டையைப் பாடப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருந்தாள். கொடுக்க வேண்டிய சாமான் என்பது தெரியும். ஆனால் அந்த வாத்தியத்தில் அவளுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். அதைக் கொடுக்காமலிருக்க வழி உண்டா என்று யோசித்தாள். பிறகு வேறு விதமாகவும் யோசித்தாள். கட்டை குறைந்த வாத்தியம் அவர்களுக்கு எதற்கு? சினிமாப் பாட்டுக்குச் சைலபோன் இன்னும் பொருத்தம். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் என்ன?

"ஸ்டூடியோவுக்கா!" கோமளம் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆத்துல தெரிஞ்சா நாளைக்கே எவனையாவது பிடிச்சு எனக்குத் தாலி கட்ட வச்சுடுவா."

"நீ வராட்டி நான் தனியாப் போறேன்."

"நீயா? தனியாப் போய் கேட்ல நின்னுண்டு அழுதுட்டு வருவே. இரு, வரேன்."

மூன்றாவது மணி வகுப்பை விட்டுவிட்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தார்கள். ஸ்டூடியோ வாசலில் காவல்காரர் மேலும் கீழும் பார்த்தார். "டான்ஸ் பொண்ணுங்களா? சனிக்கெளமதானே வரச் சொல்லிகீறாங்க?"

"டான்ஸும் இல்லை, கீன்ஸும் இல்லை" என்று கோமளம் சீறினாள். "நூர் முஹம்மதுக்கு வாத்தியச் சாமான் கொண்டுவந்திருக்கோம். உள்ளே விடுங்கோ."

நூர் முஹம்மதுக்கு முப்பது வயசிருக்கும். நிக்காஹ் ஊர்வலங்களில் பாண்டு செட்டில் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தவர், ஸ்டூடியோவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறதாம். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஒலிப்பதிவு அறையில் கோணி ஒட்டின சுவருக்குப் பக்கத்தில் மரிம்பா நின்றிருந்தது. புதுக் கயிறு கோத்து, குழாய்களைத் துலக்கி வைத்திருந்தார். பித்தளைப் பூவும் துலங்கியது.

இசக்கி கேட்க நினைத்ததை விட்டுவிட்டு வேறு ஒன்று கேட்டாள். "அண்ணே, ஏலக்கடைல இது செத்துக் கெடந்துதே. நல்ல கட்டைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு எங்கம்மா தெரிஞ்சுது? நான் தட்டியே பாக்கல." அவர் சிரித்தார். "ஓட்டை போட்டவன் சும்மாவா போட்டிருப்பான்னு நெனச்சேன். கயிறு வாங்கிக் கோத்தேன். பாடுச்சு."

கோமளம் இசக்கியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாசிக்கத் தெரியுமா?" என்றார் அவர். "வாசி, பரவால்ல. அவங்க வர கால் மணி ஆகும்."

நூல் சுற்றிய குச்சிகளை வாங்கிக்கொண்டு இசக்கி நின்றாள். நடுவில் ஆரம்பித்தாள். கை தானாக இடப்பக்கம் நகர்ந்தது. ஸட்ஜமத்துக்கு வந்தாள். எத்தனையோ தடவை அங்கே வந்து நின்று திரும்பியிருக்கிறாள். இன்று நிற்கவில்லை. நிஷாதம். தைவதம்.

டப்.

"அது தேக்குத் துண்டு" என்றார் நூர் முஹம்மது. "அந்த ஒரு கட்டதான் கெடைக்கல. அங்க வந்தா நான் தாண்டிக் குதிச்சுடுவேன். மெட்டுப் போடறவரும் பாவம், அந்தச் சுரத்த விட்டுட்டுத்தான் போடறாரு. கேக்கறவனுக்குத் தெரியாது."

குச்சிகளைச் சட்டத்தின்மேல் வைத்தாள். பிறகு கேட்டாள், மிகவும் மெதுவாக. "அண்ணே, எங்கிட்ட சைலபோன் இருக்கு. புதுசு மாதிரி இருக்கும். இதுக்கு மாத்திக்க முடியுமா?"

அவர் உடனே சிரித்துவிடவில்லை. அதற்காகவே பின்னாளில் இசக்கி அவரை மரியாதையோடு நினைத்துக்கொள்வாள். "என்னுதா இருந்தா இந்த நிமிஷம் மாத்திக்குவேன்மா" என்றார். "மொதலாளியுது. எனக்கே நாளைக்கு வேலை போச்சுன்னா இது கூட வராது."

பையைத் திறந்து கட்டையை எடுத்தாள். சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். கொடுப்பதற்கு முன் துளைக்கு நேரே இரண்டு விரலால் பிடித்து, முட்டியால் ஒரே ஒரு தரம் தட்டினாள்.

நூர் முஹம்மது வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அட, பிடிக்கிற எடம் அதானா?" என்றார். பிறகுதான் அவள் கையில் இருப்பது என்னவென்று அவருக்கு உறைத்தது.

இருவரும் சேர்ந்து கயிற்றைத் தளர்த்தி, தேக்குத் துண்டை உருவி, கட்டையைக் கோத்தார்கள். அடியில் ஆணித் துளைகள் இருந்தன. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினார். இசக்கி மறுபடி மேலிருந்து ஆரம்பித்தாள். ஸட்ஜமம், நிஷாதம், தைவதம், பஞ்சமம். குழாய் அதை ஏந்திக்கொண்டது. அதற்கும் கீழே இருந்தது. மத்யமம், காந்தாரம். போய்க்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. வெளியே மணி அடித்தது. செருப்புச் சத்தங்கள் வந்தன.

"எப்பனா இந்தப் பக்கம் வந்தா வாம்மா" என்றார் நூர் முஹம்மது.

சரி என்றாள். கோடம்பாக்கம் கேட்டுக்கு அந்தப் பக்கம் வருவதற்கு அவளுக்கு இனி ஒரு காரணமும் கிடையாது என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. திரும்பும் வழியில், ரயில் போவதற்காகக் கேட் அருகில் நின்றபோது, கோமளம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் கடையில் வெள்ளைச்சாமி உத்தரத்தைப் பார்த்தார். "ஏட்டி, கரண்டிக் கட்டை எங்க? ரெண்டு நாளாக் காணலியே."

இசக்கி சொன்னாள். அடையாற்றிலிருந்து தொடங்கி இன்று அடித்த மணிவரை, ஒன்றையும் விடாமல். அவள் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டதில்லை. ஸ்டூடியோ என்ற இடத்தில் அவர் முகம் கறுத்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

"நான்தானே ஒன்னச் சுண்டிப் பாக்கச் சொன்னேன்" என்றார்.

"பிடிச்சது நான்தான் ஐயா."

அவர் கல்லாப் பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

அதற்குப் பிறகு கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இசக்கி ஒரு காரியம் செய்தாள். மூன்றாம் தட்டில் அன்று கூடவே முனகின குடத்தை, வரிசையில் ஏழாவது, எடுத்து மடியில் வைத்து, வாய்க்குள் மெல்ல ஹும் என்று குரல் கொடுப்பாள். மேலே போனால் குடம் சும்மா இருக்கும். கீழே போனாலும் சும்மா இருக்கும். அந்தப் பஞ்சமத்துக்கு வந்தால்மட்டும் பித்தளை கைக்குள் துடிக்கும். வெள்ளைச்சாமி இரண்டொரு தடவை பார்த்திருந்தார்.

சித்திரையில் ஒரு நாள் சைதாப்பேட்டையிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். மகளுக்குச் சீர்வரிசை. குடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மூன்றாம் தட்டில் ஏழாவதில் கை வைத்தாள்.

"இது லட்சணமா கீது. இத்த எட்த்துக்கறேன்."

இசக்கி கல்லாவுக்குப் பக்கத்தில் எழுந்து நின்றாள். சொல்ல என்ன இருக்கிறது, விற்கிற சாமான். வெள்ளைச்சாமி மகளைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார்.

"அது வேண்டாம்மா" என்றார். "வேற எடுங்க."

"ஏன்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஓட்டை."

அந்த அம்மாள் குடத்தை விளிம்பில் தூக்கிப் பிடித்து முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். ஓசை கடை முழுக்கச் சுற்றிவிட்டு வந்தது.

"நல்லாத்தானே கீது, நைனா?"

"உங்களுக்குக் கேக்காதும்மா" என்று சொல்லி, வெள்ளைச்சாமி அவள் கையிலிருந்து குடத்தை வாங்கி மகளிடம் கொடுத்தார்.